பிளாக் கொடுத்தேன்

பிப்ரவரி 5, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து மானாமதுரைக்குத் திரும்ப மாலையாகிவிட்டது. ரயிலில் கூட்டம். பஞ்சவர்ணத்துக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, நான் நின்றுகொண்டே வந்தேன்.

டாக்டர் சொன்னதை எழுதி வைக்கிறேன். என் மனைவிக்குக் குரல்வளையில் இருக்கும் புற்றுக்கட்டி, நாங்கள் நினைத்ததைவிடப் பெரியது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், இனி மூச்சு அந்த வழியாகத்தான். ஆளைக் காப்பாற்றிவிடலாம். குரல் மட்டும் இருக்காது.

"என்ன சார், பண்ணிரலாமா?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "பண்ணிருங்க டாக்டர்" என்று உடனே சொல்லிவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தண்டவாளத்தில் விரிசல் கண்டால் அந்தத் துண்டை அறுத்து எடுத்துவிட்டுப் புதுசு போடுவோம். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்பவன் அந்த வேலைக்கே லாயக்கில்லாதவன்.

பஞ்சவர்ணம் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தைரியசாலி.

பிப்ரவரி 8, வியாழன்

மறுபடி மதுரை. ஆபரேஷனுக்கு முன்னால் பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். அங்கே ரெஜினா என்று ஒரு பெண். நிறைமாதக் கர்ப்பிணி. நடக்கவே சிரமப்படுகிறவள் எழுந்து வந்து எங்களை உட்காரவைத்தாள்.

"அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் குரல் தெளிவா இருக்கு சார். அதை இப்பவே பதிவு பண்ணிருவோம். பின்னாடி போன்ல ஏத்திக்கலாம். அம்மா போனைத் தொட்டா அவங்க குரல்லயே பேசும்."

நானும் உள்ளே வருகிறேன் என்றேன். "வேண்டாம் சார், நீங்க இருந்தா அம்மா பேச மாட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நானென்ன அவ்வளவு கெடுபிடிக்காரனா?

வெளியே பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை உள்ளேயிருந்து பஞ்சவர்ணம் சிரிப்பது கேட்டது. கரகரத்த சிரிப்புதான், ஆனாலும் அவள் சிரிப்பு. இந்த இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. என்ன சொல்லி அந்தப் பெண் சிரிக்கவைத்தாளோ.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"இம்புட்டு நேரம் என்ன பேசுன?"

"சொல்லச் சொன்னதச் சொன்னேன்."

"அதான் என்னன்னு கேக்கறேன்."

"பதிவு வந்ததும் கேட்டுக்கங்க. இப்பத் தொண்ட வலிக்குது."

ரெஜினா விவரம் சொன்னாள். பதிவை அவர்களுடைய இணையதளத்தில் ஏற்றுவாளாம். மெயிலில் இணைப்பு வரும். திறக்கும்போது என் போனுக்கு ஒரு எண் வரும், அதைப் போட்டால்தான் உள்ளே விடும். அங்கே பதிவிறக்கும் பட்டனை ஒரே ஒரு தரம் அமுக்கினால் போதும், மற்றது தானாக நடக்கும். "மார்ச் பத்தாம் தேதிக்குள்ள எடுத்துருங்க சார். அதுக்கு மேல சைட்டுல தானா அழிஞ்சிரும். மத்தவங்க குரல நாங்க வெச்சுக்கக் கூடாதுன்னு விதி. எங்க மெஷின்லயும் அன்னன்னைக்கே அழிச்சிருவோம்."

பத்தாம் தேதிவரைக்கும் இழுத்தடிக்கிற ஆள் நானில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 10, சனி

மெயில் வந்துவிட்டது. மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். மகள் இந்து புனேக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப்போன பழைய லேப்டாப். எருமை தண்ணீரிலிருந்து எழுந்திருப்பதுபோல மெதுவாக எழுந்திருக்கும்.

போனுக்கு எண் வந்தது, போட்டேன். பட்டனை அமுக்கினேன். உடனே மேலே ஒரு பெட்டி முளைத்தது. இந்தத் தளம் என்னவோ இறக்கப் பார்க்கிறது, என்ன செய்யட்டும் என்கிற மாதிரி ஆங்கிலத்தில் பொடி எழுத்து. படிக்கிற கண்ணாடி கையில் இல்லை. கீழே இரண்டு பட்டன்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று பிளாக், இன்னொன்று அலவ்.

பிளாக் கொடுத்தேன்.

எங்கள் வேலையில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதை வெளியாட்களுக்குத் தெரியாது. ஒரு தண்டவாளத் துண்டை மாற்ற வேண்டுமென்றால் முதலில் வண்டிகளை நடத்தும் கன்ட்ரோலிடம் பிளாக் கேட்க வேண்டும். கொடுத்துவிட்டார்கள் என்றால் அந்தப் பகுதி நம் கையில். வேலை முடிந்து நாம் திருப்பித் தரும்வரை ஒரு வண்டி குறுக்கே வராது. கேங்மேன்களோடு வெயிலில் நின்றுகொண்டு, "பிளாக் குடுங்க சார், கொஞ்ச நேரம் பிளாக் குடுங்க சார்" என்று போனில் கெஞ்சிக் கெஞ்சியே என் தலை நரைத்தது. கொடுக்க மாட்டான்கள். இன்றைக்கு என்னிடம் ஒரு இயந்திரம் பிளாக் கேட்கிறது, நான் தாராளமாகக் கொடுத்தேன். அலவ் என்றால் கண்டவனும் கண்ட நேரத்தில் உள்ளே வந்துபோகத் திறந்துவிடுவது. அந்த வேலை ஆகாது, பேப்பரில் தினமும் படிக்கிறோம்.

ஒரு கோப்பு இறங்கியிருந்தது. போட்டுக் கேட்டேன். பஞ்சவர்ணம் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுகிறாள். கடைசியில், "போதுமாம்மா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான்.

இதற்கா அவ்வளவு நேரம் என்று தோன்றியது. ஆனால் இப்போதெல்லாம் கொஞ்சம் குரல் இருந்தால் மீதியைக் கம்ப்யூட்டரே பேசிவிடுகிறதாமே. அதற்கு இந்த மாதிரி போதுமாக இருக்கும். பஞ்சவர்ணத்திடம் கேட்கவில்லை. ஆபரேஷனை வைத்துக்கொண்டு அவளைப் பேசவைத்துத் தொண்டையை நோகடிக்க வேண்டாம்.

பிப்ரவரி 12, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. காலையில் ஆபரேஷன். நர்ஸ் வந்து, பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

"சிலிண்டர் பதிஞ்சிருங்க, இது ஒரு வாரந்தான் வரும்" என்றாள் பஞ்சவர்ணம். சரி என்றேன். "பால்காரருட்ட அரை லிட்டர் போதும்னு சொல்லுங்க." சரி என்றேன். "மோட்டாரப் போட்டுட்டு மறந்துபோயி பேப்பர் படிச்சிட்டு இருக்காதீக." அதற்கும் சரி என்றேன்.

பிறகு கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். நானும் மேலே கேட்கவில்லை. கன்டீனில் தோசை கல் மாதிரி இருந்தது.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக இருக்கிறாள்.

பிப்ரவரி 17, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கழுத்தில் துளை, மூக்கில் சாப்பாட்டுக் குழாய். இருமினால் துளை வழியாகச் சளி வருகிறது, உறிஞ்சி எடுக்கிறார்கள். எனக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் தடவை நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏசி குளிர் அதிகம்.

குழந்தைகள் எழுதும் பிளாஸ்டிக் சிலேட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எழுதி, கீழே இருக்கும் பட்டையை இழுத்தால் அழிந்துவிடும். முதலில் என்ன எழுதினாள் தெரியுமா? "சிலிண்டர்?" பதிந்துவிட்டேன் என்றேன். உண்மையில் மறந்துபோயிருந்தேன். வராந்தாவுக்கு வந்து போன் போட்டுப் பதிந்தேன்.

இந்து வந்து நாலு நாள் இருந்தாள். அவள் லீவு முடிந்தது. கிளம்பும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நான்தான் அதட்டி ரயிலேற்றினேன்.

பிப்ரவரி 28, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூக்குக் குழாயை எடுத்தாயிற்று. ரசம் சாதத்தை மிக்ஸியில் அரைத்து வடிகட்டிக் கொடுக்கிறேன். துளையின் உள்ளே இருக்கும் குழாயைக் கழற்றிப் பிரஷ்ஷால் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும். துளைக்கு மேலே ஈரத்துணி. குளிக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது, நான் தோளுக்குக் கீழே மட்டும் ஊற்றிவிட்டேன்.

மத்தியானம் பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று ஜன்னலைச் சாத்தினேன். பஞ்சவர்ணம் சிலேட்டில், "என்ன நாத்தம்?" என்று எழுதினாள். மூக்கு வழியாக மூச்சுப் போகாததால் வாசனையும் தெரியாதாம். இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஜன்னலை மறுபடி திறந்து வைத்தேன்.

அவள் தூங்கும்போது அந்தக் கோப்பு சரியாக இருக்கிறதா என்று சோதித்தேன். சரியாக இருக்கிறது. பழைய லேப்டாப்பை நம்ப முடியாது என்பதால் சாயங்காலம் இன்னொரு தடவை சோதித்தேன். "போதுமாம்மா?" என்கிற இடம்வரை தெளிவாகக் கேட்கிறது.

மார்ச் 2, சனி

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பஞ்சவர்ணம் அடுப்படியில் கால் தடுக்கி உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட முடியவில்லை. தட்டை எடுத்துத் தரையில் தட்டியிருக்கிறாள், மோட்டார் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நான் உள்ளே போனபோது அப்படியே சுவரில் சாய்ந்திருந்தாள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை.

கடைக்குப் போய் ஒரு வெண்கல மணி வாங்கிவந்து கட்டிலில் கட்டினேன். பஞ்சவர்ணம் தொட்டுப் பார்த்தாள். சிலேட்டில், "நான் என்ன மாடா?" என்று எழுதிவிட்டு மணியை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். நியாயம்தான்.

மார்ச் 4, திங்கள்

இன்று நடந்ததை எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: "எங் குரல போன்ல ஏத்தலையா?"

மகளிடம் கேட்டு ஏற்ற வேண்டும், ஒன்று முதல் பத்துவரைதானே இருக்கிறது, அதை வைத்துக் கம்ப்யூட்டர் பேசும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அழித்துவிட்டு எழுதினாள்: "மத்தது?"

"மத்தது எது?"

"எம்புட்டுப் பேசுனேன்."

லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்டினேன். எண்ணுகிற சத்தம் கேட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு தன் குரலை அவள் கேட்பது இதுதான் முதல்முறை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. "போதுமாம்மா?" என்பதோடு முடிந்ததும், வேறெங்காவது இருக்கிறதா என்று திரை முழுக்கத் தேடினாள். இல்லை. சிலேட்டில் ஒரே சொல் எழுதினாள்: "போச்சா?"

பிறகு அழுதாள். சத்தமே இல்லை. தோள் குலுங்குகிறது, வாய் கோணுகிறது, கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வருகிறது. என் வாழ்நாளில் அப்படி ஒரு அழுகையைப் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் துளையின் ஈரத்துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ரெஜினா பிரசவ லீவில் போய்விட்டாள். இருக்கிற ஆள், "எல்லாம் சைட்ல இருக்கு சார், எறக்கிக்கங்க. பத்தாம் தேதிக்கு மேல இருக்காது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அப்படியானால் இருக்கிறது. இன்னும் போகவில்லை. இதை அவளிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மார்ச் 5, செவ்வாய்

காலையிலிருந்து பட்டனை அமுக்குகிறேன். இப்போது அந்தப் பெட்டி வருவதே இல்லை. அமுக்கினால் மறுபடியும் அதே ஒன்று, இரண்டு, மூன்று மட்டும் இறங்குகிறது. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், மோடத்தைப் பிடுங்கிச் சொருகினேன். எண்ணுகிற கோப்பு மட்டும் குட்டி போட்டுக்கொண்டே போகிறது.

வேறு வழியில்லாமல் இந்துவைக் கூப்பிட்டேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, மொத தடவை எறக்கும்போது ஏதாவது பெட்டி வந்து கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. பிளாக் குடுத்தேன்."

"ஐயோ" என்றாள்.

"என்னம்மா?"

"அப்பா... பிளாக்குன்னா அடைக்கிறதுப்பா. மத்த ஃபைல் எதையும் உள்ள விடாதேன்னு சொல்லிட்டீங்க. அது அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு அப்பலேருந்து ஒவ்வொரு தடவையும் அடைக்குது."

"பிளாக் குடுத்தா எப்படிம்மா அடைக்கும்? குடுத்தாத்தானே வேலையே நடக்கும்?"

"உங்க லைன்ல வேலை நடக்கும்பா. வண்டி?"

உண்மைதான். பிளாக் கொடுத்தால் வேலை செய்கிறவனுக்குத்தான் வழி. வண்டிகள் எல்லாம் வெளி சிக்னலில் நிற்கும். நான் எப்போதும் வேலை செய்கிறவன் பக்கம் நின்றே பழகியவன், நிறுத்தப்பட்ட வண்டிக்குள் இருப்பவர்களைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை.

இணைப்பை அனுப்புங்கள், அந்த எண்ணையும் சொல்லுங்கள், நானே இங்கிருந்து இறக்கித் தருகிறேன் என்றாள் இந்து. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பஞ்சவர்ணம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சிலேட்டில் பெரிதாக எழுதியிருந்தாள்: "அவ கேக்க வேணாம்." அடியில் இரண்டு கோடு.

ஏன் என்றேன். "அழுதிருக்கேன். கேட்டா வேலைய விட்டுட்டு வந்துருவா."

இந்துவிடம், நானே பார்த்துக்கொள்கிறேன், எங்கே போய் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல் என்றேன். வலது மூலையில் மூன்று புள்ளி. அதற்குள் செட்டிங்ஸ். அதற்குள் தனியுரிமை. அதற்குள் தளங்களுக்கான அனுமதிகள். அடியில் இன்னும் கூடுதல் அனுமதிகள் என்று மடித்து வைத்திருப்பார்கள், அதை விரித்தால் தானியங்கிப் பதிவிறக்கம். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு ஆபீஸ் மீட்டிங் வந்துவிட்டது. வைத்துவிட்டாள்.

மார்ச் 6, புதன்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. மின்வாரியக்காரர்கள் பிளாக் எடுத்திருக்கிறார்கள். லேப்டாப்பின் பேட்டரி செத்து வருடக்கணக்காகிறது. சாயங்காலம் கரண்ட் வந்தது, நெட் வரவில்லை. பஞ்சவர்ணம் இரண்டு தடவை வந்து திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மார்ச் 7, வியாழன்

நெட் வந்துவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பஞ்சவர்ணமும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

மூன்று புள்ளி கிடைத்தது. செட்டிங்ஸ் கிடைத்தது. தளங்களுக்கான அனுமதிகளில் கேமரா, மைக், இருக்குமிடம் என்று என்னென்னவோ. இந்து சொன்ன கூடுதல் அனுமதிகளை எங்கும் காணோம். மேலும் கீழும் உருட்டி, எதையோ தட்டி, பக்கமே ஆங்கிலத்திலிருந்து இந்திக்கு மாறிவிட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவரவே பாதி நாள் போயிற்று. கோபத்தில் லேப்டாப்பை மூடப்போனேன். பஞ்சவர்ணம் தன் விரலைத் திரையில் வைத்தாள். ஒரு சின்ன அம்புக்குறி. அதைத் தட்டினேன், மடிப்பு விரிந்தது. அங்கே இருந்தது, தானியங்கிப் பதிவிறக்கம்.

உள்ளே அனுமதிக்கப்படாதவை என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர். ஆஸ்பத்திரியின் பேச்சுப் பிரிவுத் தளம். என் கையால் அடைத்தது. எத்தனையோ மோசடித் தளங்கள் இருக்கிற உலகத்தில் நான் அடைத்தது இது ஒன்றைத்தான்.

பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டிப் படம். தட்டினேன், பெயர் போயிற்று. பழையபடி தளத்துக்குப் போய், போனுக்கு வந்த எண்ணைப் போட்டு, பட்டனை அமுக்கினேன். மேலே அந்தப் பெட்டி மறுபடியும் வந்தது. பிளாக், அலவ்.

தெரிந்துதான் இருக்கிறது, ஆனாலும் என் கை பிளாக் பக்கமே போகிறது. எது வழிவிடும் எது அடைக்கும் என்று ஒரு கணம் எனக்கே குழம்பிவிட்டது. பஞ்சவர்ணம் என் கைமேல் கையை வைத்து மௌஸை நகர்த்தி அலவ்வை அமுக்கினாள்.

வரிசையாக இறங்கின. கீழே ஒவ்வொரு பெயராக வந்துகொண்டே இருந்தது. ரெஜினா தமிழிலேயே பெயர் வைத்திருந்தாள். தண்ணி வேணும். வலிக்குது. இந்து சாப்பிட்டியா. ஏங்க, சாப்பாடு. ஏங்க, கோபம். ஏங்க, பல்லி. ஏங்க, யாரோ வந்திருக்காக. ஏங்க, பயமா இருக்கு. ஏங்க, சும்மா. திரை நிறைந்து மேலே ஓடியது, எல்லாவற்றையும் படிக்க முடியவில்லை.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பஞ்சவர்ணம் என் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு எழுந்துபோனாள்.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. தெருவில் பாதிப்பேர் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் இந்த வருடம் போகவில்லை. வீடு அமைதியாக இருந்தது. பஞ்சவர்ணம் படுத்திருந்தாள். நான் பதிவுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டேன்.

'ஏங்க' மட்டுமே தனி ஊர்வலம். கோபம் என்று பெயரிட்டதைக் கேட்டதும் என்னையறியாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பல்லிக்கு ஒரு அலறல், கடைசியில் அவளும் ரெஜினாவும் சிரிக்கிறார்கள். அன்று பெஞ்சில் நான் கேட்ட சிரிப்பு இதுதான். 'சும்மா' என்பதை எதற்குப் பதிவுசெய்தாள் என்று யோசித்தேன். வேலை எதுவும் இல்லாமல், நான் வீட்டில் இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள அடுப்படியிலிருந்து அவள் கொடுக்கிற குரல் அது. அதற்கு நான் பெரும்பாலும் பதிலே சொன்னதில்லை.

கடைசியில் நீளமாக ஒன்று. இடையில் நிறுத்தாமல் ஓடவிட்ட பதிவு போலிருக்கிறது. அதில் ரெஜினா கேட்கிறாள்: "ஆபரேஷனுக்கு உங்களுக்குச் சம்மதந்தானேம்மா?"

மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் வருகிறது. அப்புறம் பஞ்சவர்ணம், "அவுக சரின்னுட்டாக" என்கிறாள்.

"அவர் சரி. நீங்க?"

"என்னைய யாரு கேட்டா?"

அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ரெஜினா ஏதோ தேற்றுகிறாள். அவள் ஒருத்தி கேட்டிருக்கிறாள். டாக்டர் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. என் தண்டவாளம், என் விரிசல் என்று நினைத்துவிட்டேன். அறுத்தது அவள் கழுத்தை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9, சனி

குழாயைக் கழுவிப் பொருத்திவிட்டு அவள் எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

"உனக்கு அந்த ஆபரேஷன் வேணாம்னு இருந்துச்சா?"

நான் அந்த நீளமான பதிவைக் கேட்டுவிட்டேன் என்று புரிந்துகொண்டாள். சிலேட்டை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதி என் பக்கம் திருப்பினாள்.

"கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லிருப்பேன்."

பட்டையை இழுத்து அழித்துவிட்டு அரைத்த கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு போனையும் லேப்டாப்பையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, போனில் ஏற்றுகிற வேலையைத் தானே செய்கிறேன் என்று சைகை காட்டினாள். ரெஜினா அன்றே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

மார்ச் 14, வியாழன்

மதுரை. ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரைப் பார்க்கும் நாள். காயம் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். எடுத்த கட்டியைச் சோதித்த முடிவு மேசைமேல் இருந்தது. பக்கத்து நெறிக்கட்டியிலும் கொஞ்சம் புற்று பரவியிருந்ததாம். இனி கதிர்வீச்சு கொடுத்தால் நல்லது, வாரக்கணக்கில் தினமும் வர வேண்டியிருக்கும், வாய் புண்ணாகும், விழுங்கவே சிரமப்படும், ஆனால் மறுபடி வராமலிருக்க அதுதான் வழி என்றார். எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"என்ன சார், ஆரம்பிச்சிரலாமா?"

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது நடந்ததுதான். அத்தனைக்கும் பிறகு, என் நாக்கு நுனிக்குச் சரி என்ற சொல் வந்து நின்றது. பயம். அவளை இழந்துவிடுவேனோ என்கிற பயம்தான் அப்படி முந்திக்கொண்டு பேசவைக்கிறது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பஞ்சவர்ணத்தின் குரல் வந்தது.

"என்னையக் கேளுங்க."

கரகரத்த, உறுதியான குரல். டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். பஞ்சவர்ணம் போனை மடியில் வைத்திருந்தாள், விரல் இன்னும் திரைமேல் இருந்தது. இப்படி ஒரு கோப்பு இருந்தது எனக்குத் தெரியாது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவளைப் பார்த்தேன். அவள் மறுபடி தொட்டாள். "என்னையக் கேளுங்க."

டாக்டர் சக்கரம் வைத்த தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா" என்றார்.

அவள் சிலேட்டில் எழுதினாள்: "செஞ்சா என்ன ஆகும்? செய்யாட்டி என்ன ஆகும்?" டாக்டர் முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் மறுபடி சொன்னார். என்னிடம் சொன்னதைவிட மெதுவாக, என்னிடம் சொல்லாத சிலவற்றையும் சேர்த்து. கேட்டு முடித்ததும் எழுதினாள்: "திங்கக்கெழம சொல்றேன்." டாக்டர் சரி என்றார். நான் வாயே திறக்கவில்லை.

ரயிலில் எதிரெதிரே உட்கார இடம் கிடைத்தது. சிலைமான் ஸ்டேஷன் தாண்டியதும் அவளிடம் கேட்டேன்.

"நீ என்ன நெனைக்கிற?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சிலேட்டையும் எடுக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. பிறகு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிட்டேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.